முகத்துவாரத்துச் சேறு: மினமாட்டா பூனையிலிருந்து எண்ணூர் மட்டி வரை

"டாக்டர், நம்ம தருமபுரியில கடலே கிடையாது. நீங்க எதுக்கு சிப்பி, மட்டி, பாதரசம்னு எழுதப் போறேன்னு சொல்றீங்க?"

போன பதிவுக்குக் கீழே வந்த கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லிட்டே கதைக்குள்ள போயிடலாம். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

இருமத்தூர் பாலத்து மேல நின்னு கீழே பாருங்க. ஓடறது (ஓடற காலத்துல) தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரு ஏரிகளோட கழிவையும் சேர்த்து வாங்கிட்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்கி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி நம்ம மாவட்டத்துக்குள்ள வருது. அப்புறம் சாத்தனூர், அப்புறம் விழுப்புரம், கடைசியில கடலூர் பக்கம் வங்காள விரிகுடா. கெலவரப்பள்ளி நுரை வருஷா வருஷம் டிவியில வரும். நுரை கண்ணுக்குத் தெரியுது, அதனால செய்தி. கண்ணுக்குத் தெரியாம வண்டலோட ஒட்டிக்கிட்டு போறதைப் பத்தி யாரும் பேசறதில்ல. இந்தப் பதிவு அதைப் பத்தி.

முதல்ல ஒரு சின்ன வேதியியல். பயப்படாதீங்க, சமையலறை லெவல்தான்.

ஆத்துத் தண்ணியில மிக நுண்ணிய களிமண் துகள் மிதந்துகிட்டே வரும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் மாதிரியான கன உலோகங்கள் தண்ணியில தனியா கரைஞ்சு வர்றதைவிட இந்தத் துகள்கள்ல ஒட்டிக்கிட்டு வர்றதுதான் அதிகம். ஆறு கடலைத் தொடற இடத்துல, அதாவது முகத்துவாரத்துல, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குது. பால்ல எலுமிச்சை விட்டா திரியுமே, அந்த மாதிரி உப்பு பட்டதும் களிமண் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கட்டியாகி அடியில உட்கார்ந்துடும். மேல எங்கேயோ ஒரு தொழிற்சாலையில திறந்துவிட்டது, கீழே இந்தச் சேத்துல வந்து சேமிப்பாகுது. பேங்க்ல போட்ட மாதிரி.

அந்தச் சேத்துல குடியிருக்கிறது யாரு? மட்டி, சிப்பி, நண்டு, இறால். இதுல மட்டி, சிப்பி ரெண்டும் வடிகட்டிச் சாப்பிடற ஜீவன்கள். ஒரு மணி நேரத்துக்கு லிட்டர் கணக்குல தண்ணியை உள்ளே இழுத்து, அதுல இருக்கிற உணவுத் துகளை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வெளியே விடும். ராவும் பகலும் இதே வேலை. உலோகம் உள்ளே போனா அதைப் பிடிச்சு வைக்கிறதுக்கு அதுங்க உடம்புலயே ஒரு புரதம் இருக்கு, மெட்டலோதயோனின்னு பேரு. அதனால மட்டி சாகாது. நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கும். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது, வேக வச்சாலும் போகாது.

இது உலகத்துக்கு எப்படித் தெரிய வந்துச்சு? அதுக்குத்தான் ஜப்பானுக்குப் போகணும்.

கியூஷு தீவுல குமாமோட்டோ மாகாணம். அங்க கடலோரத்துல மினமாட்டான்னு ஒரு சின்ன ஊர். 1908-இல் அங்க ஒரு ரசாயன ஆலை வருது. பிற்காலத்துல சிஸ்ஸோன்னு பேர் வாங்கின கம்பெனி. ஆரம்பத்துல கார்பைடு, உரம். 1932-லிருந்து அசிட்டால்டிஹைடு தயாரிக்கிறாங்க. பிளாஸ்டிக் தொழிலுக்கு மூலப்பொருள். அந்த வினையை முடுக்கிவிட பாதரச சல்பேட் போடுவாங்க. வேலை முடிஞ்ச கழிவு ஹியாக்கென்னு ஒரு சின்னத் துறைமுகம் வழியா நேரா மினமாட்டா விரிகுடாவுக்குள்ள.

ஊரே ஆலையை நம்பித்தான். நகராட்சிக்கு வரி கட்டறது அவங்க, வேலை கொடுக்கிறது அவங்க, ஆஸ்பத்திரி நடத்தறதும் அவங்க. நம்ம ஊர்ல மில்லு வச்சிருக்கிற முதலாளி பேரைச் சொன்னா கடைத்தெருவே எழுந்து நிக்குமே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க.

முதல்ல நோய்ல விழுந்தது மனுஷன் இல்ல, பூனை. 1950-களோட தொடக்கத்துல மீனவக் குப்பங்கள்ல பூனைங்க வாயில நுரை தள்ளி, சுத்திச் சுத்தி ஆடி, கடல்ல விழுந்து செத்துச்சு. ஜனங்க அதுக்கு 'பூனை நடன நோய்'னு பேர் வச்சாங்க. பறந்துகிட்டிருந்த காக்கா பொத்துனு கீழே விழும். 1954 ஆகஸ்டுல உள்ளூர்ப் பத்திரிகையில ஒரு துணுக்குச் செய்தி: மோடோன்னு ஒரு குப்பத்துல பூனையெல்லாம் செத்துப் போனதால எலித் தொல்லை தாங்கல, எலி ஒழிக்க ஆள் அனுப்புங்கன்னு ஜனங்க கேட்கறாங்க. அவ்வளவுதான் செய்தி. பூனை ஏன் செத்துச்சுன்னு யாரும் கேட்கல.

1956 ஏப்ரல் 21. அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணை ஆலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றாங்க. நடக்க முடியல, பேச்சு குழறுது, வலிப்பு. ரெண்டு நாள்ல அவளோட தங்கச்சிக்கும் அதே. அப்புறம் பக்கத்து வீட்டுல. ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ஹாஜிமே ஹொசோகாவா, மே 1 அன்னிக்கு உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொடுக்கிறார்: காரணம் தெரியாத நரம்பு மண்டல நோய் ஒண்ணு ஊர்ல பரவுது. மினமாட்டா நோய் அதிகாரபூர்வமா கண்டுபிடிக்கப்பட்ட நாள்னு வரலாறு சொல்றது அந்த நாளைத்தான். இந்த டாக்டர் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அக்டோபருக்குள்ள 40 நோயாளிகள், அதுல 14 பேர் சாவு. மூணுல ஒருத்தருக்கும் மேல! தொத்து நோயா இருக்கும்னு பயந்து வீடுகளுக்கு மருந்து அடிச்சாங்க, நோயாளிகளைத் தனிமைப்படுத்தினாங்க. கடைக்காரங்க அந்தக் குடும்பத்து ஆளுங்ககிட்ட காசைக் கையால வாங்க மாட்டாங்க. கொரோனா முதல் அலையில நாம பார்த்ததுதான், புதுசா ஒண்ணும் இல்ல.

குமாமோட்டோ பல்கலைக்கழக மருத்துவக் குழு களத்துல இறங்குது. நவம்பர் 1956-லயே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க: இது தொத்து இல்ல, ஏதோ ஒரு கன உலோக விஷம், அது விரிகுடாவோட மீன், மட்டி, சிப்பி வழியா உள்ளே போகுது. கவனிங்க, நோய் வெளியே வந்து ஆறே மாசம்தான். எந்த உலோகம்னு தெரியல, ஆனா எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சு போச்சு. சுகாதார நிலையத் தலைவர் டாக்டர் ஹசுவோ இட்டோ, 1957 தொடக்கத்துல விரிகுடா மீனை வெளியூர்ப் பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார். சில வாரத்துல அதுங்களும் ஆடிச்சு.

அப்போ மீன் பிடிக்கிறதை நிறுத்தியிருக்கணும் இல்லையா? மாகாண நிர்வாகம் மத்திய அரசைக் கேட்டுச்சு. 1957 செப்டம்பர்ல பதில் வந்துச்சு: விரிகுடாவுல இருக்கிற எல்லா மீனும் எல்லா சிப்பியும் விஷம்னு தெளிவான ஆதாரம் இல்ல, அதனால உணவுச் சுகாதாரச் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது.

எல்லா மீனும்! ஒரு ஹோட்டல்ல பத்து பேருக்கு வாந்தி பேதின்னா நாம அந்த ஹோட்டலை மூடறோம். சட்டியில இருந்த ஒவ்வொரு பரோட்டாவிலும் கிருமி இருந்துச்சான்னு சோதிச்சுட்டு மூடறதில்ல. பொது சுகாதாரம் படிச்ச முதல் வருஷ மாணவனுக்குத் தெரிஞ்ச விஷயம் இது.

சரி, எந்த உலோகம்? மாங்கனீஸ், செலினியம், தாலியம்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டாங்க. அந்த ஆலைக் கழிவுல எல்லாமே இருந்துச்சு, அதான் குழப்பம். துப்பு கிடைச்சது பழைய மருத்துவக் கட்டுரை ஒண்ணுல. 1937-இல் இங்கிலாந்துல விதைக்கு மருந்து தடவற ஒரு ஆலையில மெத்தில் பாதரசம் கையாண்ட தொழிலாளர்களுக்கு நோய் வந்துச்சு. பார்வை குழாய் வழியா பார்க்கிற மாதிரி சுருங்கிப் போகும், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போறது. ஹன்டர், பாம்ஃபோர்டு, ரஸ்ஸல்னு மூணு பேர் 1940-இல் அதை எழுதி வச்சிருந்தாங்க. 1958-இல் மினமாட்டாவுக்கு வந்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மெக்அல்பைன், இது அந்த நோய் மாதிரியே இருக்கேன்னு லான்செட்ல எழுதினார். குமாமோட்டோவோட நோயியல் பேராசிரியர் டகேயுச்சியும் செத்தவங்க மூளையைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார். 1959 ஜூலையில குழு அறிவிச்சுது: பாதரசம்.

சேத்தை அள்ளிச் சோதிச்சாங்க. கழிவு வாய்க்கால் வாசல்ல இருந்த சேத்துல பாதரசம் 2010 பிபிஎம். புரியற மாதிரி சொன்னா ஒரு டன் சேத்துல ரெண்டு கிலோ பாதரசம். பின்னாடி அந்தச் சேத்துலேருந்து பாதரசத்தைத் திரும்ப எடுக்கிறதே லாபமான வேலையா இருந்துச்சுன்னா பார்த்துக்கோங்க.

இந்த இடத்துல ஒரு சந்தேகம் வரும். மாசம் ஒரு தாயாவது பதறி அடிச்சு போன் பண்ணுவாங்க: "சார், புள்ள தெர்மாமீட்டரை உடைச்சு பாதரசத்தை முழுங்கிட்டான்." நான் பெரும்பாலும் "உடைஞ்ச கண்ணாடி உள்ளே போச்சா பாருங்கம்மா"ன்னுதான் முதல்ல கேட்பேன். திரவப் பாதரசம் குடல்ல கிட்டத்தட்ட உறிஞ்சப்படறதே இல்ல, மலத்தோட போயிடும். (அதோட ஆவியைச் சுவாசிக்கிறது வேற கதை, அது ஆபத்து. சூடான, மூடின அறையில அதைப் பெருக்கித் தள்ளாதீங்க.) ஆனா மெத்தில் பாதரசம் அப்படி இல்ல. சாப்பிட்டதுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல ரத்தத்துக்குள்ள போயிடும். சிஸ்டீன்கிற அமினோ அமிலத்தோட ஒட்டிக்கிட்டு, உடம்பு தானே விரும்பி உள்ளே விடற சத்து மாதிரி வேஷம் போட்டு, மூளைக்குள்ளயும் நஞ்சுக்கொடிக்குள்ளயும் நுழையும். மினமாட்டாவுல அது ஆலைக்குள்ளயே உருவாகி வந்துச்சு. மத்த இடங்கள்ல முகத்துவாரச் சேத்துல காத்தில்லாத ஆழத்துல வாழற பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை எடுத்து மெத்தில் பாதரசமா மாத்திடும். அதனாலதான் சேத்துல எவ்வளவு பாதரசம் இருக்குன்னு பார்க்கிறது அவ்வளவு முக்கியம்.

இப்போ டாக்டர் ஹொசோகாவாவுக்குத் திரும்புவோம்.

கம்பெனி ஆஸ்பத்திரியில அவர் சொந்தமா பூனைகளை வச்சு சோதனை பண்ணிட்டிருந்தார். 1959 ஜூலையில, அசிட்டால்டிஹைடு பிரிவுலேருந்து வர்ற கழிவுநீரையே நேரடியா சோத்துல கலந்து ஒரு பூனைக்குத் தினமும் கொடுக்கிறார். அந்தப் பூனைக்கு நம்பர் 400. அக்டோபர் தொடக்கத்துல அது தள்ளாட ஆரம்பிச்சுது, வலிப்பு வந்துச்சு, சுத்திச் சுத்தி ஓடிச்சு. மூணு வருஷமா ஊரே தேடின பதில் அந்த டாக்டர் கண்ணு முன்னாடி சுவத்துல முட்டிக்கிட்டிருந்துச்சு.

மேலதிகாரிகள்கிட்ட சொன்னார். ஒரு பூனையை வச்சு என்ன முடிவு பண்ண முடியும்னு கேட்டாங்க. தொடர்ந்து சோதனை பண்ண வேணாம்னு நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி அனுமதி கிடைச்சு, மறுபடி அதே முடிவு வந்துச்சு. அதுவும் வெளியே வரல.

அதே 1959-லதான் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. டிசம்பர்ல சுத்திகரிப்பு இயந்திரம் ஒண்ணைத் திறந்து வச்சாங்க. விழாவுல கம்பெனித் தலைவர் அதுலேருந்து வந்ததுன்னு ஒரு டம்ளர் தண்ணியை எல்லார் முன்னாடியும் குடிச்சார். அந்த இயந்திரம் பாதரசத்தை நீக்கறதுக்காகச் செஞ்சதே இல்ல. அதே மாசம் 30-ஆம் தேதி நோயாளிகளோட ஒரு ஒப்பந்தம். பேரு 'அனுதாபப் பணம்'. செத்தவங்களுக்கு 3 லட்சம் யென், உயிரோட இருக்கிற பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம், குழந்தைகளுக்கு 30 ஆயிரம். கூடவே ஒரு ஷரத்து: பிற்காலத்துல ஆலைதான் காரணம்னு தெரிய வந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. பூனை நம்பர் 400 செத்து ரெண்டு மாசம் கழிச்சு எழுதின ஷரத்து!

அதுக்கு முன்னாடியே இன்னொரு காரியம். 1958 செப்டம்பர்ல கழிவு வாய்க்காலை விரிகுடாவுலேருந்து மாத்தி மினமாட்டா ஆத்தோட முகத்துவாரத்துல விட்டாங்க. நிறைய தண்ணியில கலந்தா நீர்த்துப் போயிடும்னு கணக்கு. மாசக் கணக்குலயே முகத்துவாரத்தைச் சுத்தின ஊர்கள்ல, அப்புறம் ஷிரானுய் கடலோட மத்த கரைகள்ல புது நோயாளிகள். ஒரு விதத்துல அதுவும் ஒரு சோதனைதான், இந்தத் தடவை மனுஷங்களை வச்சு.

1960-லிருந்து மாகாண சுகாதார ஆய்வகம் அந்தக் கடலோர ஜனங்களோட தலைமுடியைச் சோதிச்சுது. ஒரு தீவுல வாழ்ந்த ஒரு அம்மாவோட முடியில 920 பிபிஎம் பாதரசம். 50-ஐத் தாண்டினாலே நரம்பு அறிகுறி எதிர்பார்க்கலாம்ங்கறது பிற்காலத்துல வந்த கணக்கு. முடியைக் கொடுத்தவங்களுக்கு அந்த ரிசல்ட்டைச் சொல்லவே இல்ல. நோயாளிக்கிட்டேருந்து ரத்தம் எடுத்துட்டு ரிப்போர்ட்டை ஃபைல்ல வச்சுப் பூட்டறது என்ன மருத்துவம்னு எனக்கு இன்னும் புரியல.

இதுக்கு நடுவுல எதிர்வாதங்களும் வந்துச்சு. போர்க்காலத்துல கடல்ல கொட்டின வெடிமருந்துதான் காரணம்னு ரசாயன ஆலைகள் சங்கம். அழுகின மீன்ல உருவாகிற அமீன்தான் காரணம்னு டோக்கியோவிலிருந்து ஒரு பேராசிரியர். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடிச்சு. வாதம் ஜெயிக்கணும்னு அவசியமில்ல, இழுத்தடிச்சாலே போதும். சிகரெட் கம்பெனிகள் கதையும் இதேதான், அதைத் தனியா எழுதறேன்.

மட்டிதான் கடைசியில சாட்சி சொல்லுச்சு. குமாமோட்டோவோட மகியோ உச்சிடா, விரிகுடாவுல எடுத்த சிப்பி இனத்தோட சதையிலேருந்து மெத்தில் பாதரசச் சேர்மத்தைப் பிரிச்சு எடுத்தார். கட்சுரோ இருகாயாமா, ஆலைக்குள்ளேருந்து எடுத்த கசடுலயும் அதே மெத்தில் பாதரசம் இருக்குன்னு காட்டினார். 1963-இல் அது பகிரங்கமா வந்துச்சு. சிப்பிக்குள்ள இருந்ததும் ஆலைக்குள்ள இருந்ததும் ஒண்ணு. அதுக்கு அப்புறமும் ஆலை ஓடிச்சு.

இப்போ இந்தக் கதையில எனக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி.

1961-இல் இளம் டாக்டர் மசாசுமி ஹராடா ஒரு வீட்டுக்குப் போறார். திண்ணையில ரெண்டு பசங்க, அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிகுறி. அம்மாகிட்ட கேட்டா, "பெரியவனுக்கு மினமாட்டா நோய், சின்னவனுக்கு இல்ல. அவன் மீனே சாப்பிட்டதில்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. ஆனா நான் சாப்பிட்டேனே, அவன் வயித்துல இருக்கிறப்போ"ங்கற அர்த்தத்துல சொன்னாங்க. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துடும்ங்கறதுதான் அன்னிக்குப் பாடப்புத்தகம். அந்த அம்மா சொன்னதுதான் சரி. தாயோட உடம்புல இருந்த விஷத்தைக் குழந்தை வாங்கிக்கிச்சு. தாய்க்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது, குழந்தை பிறவியிலேயே முடமா வரும்.

அதை நிரூபிச்ச விதம் நம்மளுக்குச் சட்டுனு புரியும். நம்ம ஊர்ல குழந்தையோட தொப்புள்கொடியைக் காயவச்சு தாயத்துக்குள்ள வச்சு இடுப்புல கட்டுவாங்க இல்லையா? ஜப்பான்லயும் காய்ஞ்ச தொப்புள்கொடியைச் சின்னப் பெட்டியில பத்திரமா வச்சிருப்பாங்க. ஹராடா வீடு வீடா போய் அதைக் கேட்டு வாங்கினார். எந்த வருஷம் பிறந்த குழந்தையோட கொடியில எவ்வளவு மெத்தில் பாதரசம்னு பார்த்தா, ஆலை எந்தெந்த வருஷம் எவ்வளவு அசிட்டால்டிஹைடு தயாரிச்சுதோ அந்தக் கணக்கோட கூடவே ஏறி, கூடவே இறங்கிச்சு. கம்பெனி கணக்குப் புத்தகத்தோட நகல் தாய்மாருங்க பெட்டியில இருந்துச்சு. 1975-இல் நேச்சர் இதழ்ல அது வந்துச்சு.

1965-இல் வடக்கே நீகாட்டாவுல, அகானோ ஆத்தோரத்துல இதே நோய், வேற கம்பெனி, அதே தொழில்நுட்பம். (நம்ம தருமபுரி சேலத்துலேருந்து பிரிஞ்சு தனி மாவட்டமான வருஷமும் அதுதான். சும்மா ஒரு தகவலுக்கு.) 1968 மே மாசம் மினமாட்டா ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்திச்சு. பழைய தொழில்நுட்பம், இனிமே லாபமில்லன்னு ஆன பிறகு. செப்டம்பர்ல அரசாங்கம் காரணத்தை அதிகாரபூர்வமா ஒத்துக்கிச்சு. 1956-லிருந்து எண்ணினா 12 வருஷம்.

1969-இல் நோயாளிகள் வழக்குப் போட்டாங்க. 1970 ஜூலையில, புற்றுநோயோட கடைசிக் கட்டத்துல டோக்கியோ ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்த ஹொசோகாவா, அங்கேயே வந்த நீதிமன்றத்து ஆளுங்க முன்னாடி பூனை நம்பர் 400 கதையைச் சொன்னார். அக்டோபர்ல இறந்துட்டார். 1973 மார்ச்ல தீர்ப்பு: கம்பெனியோட அலட்சியம் நிரூபணம், ஆளுக்கு 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை நஷ்டஈடு, பழைய அனுதாபப் பண ஒப்பந்தம் செல்லாது. அந்தத் தீர்ப்புக்கு அந்த வாக்குமூலம் பெரிய பலம்.

இந்த மனுஷனைப் பத்தி என்ன சொல்றதுன்னு டாக்டர்கள் கூட்டத்துல பல தடவை வாதம் பண்ணியிருக்கோம். நோயை முதல்ல அறிவிச்சவரும் அவரே, பதினோரு வருஷம் பதிலைத் தனக்குள்ளேயே வச்சிருந்தவரும் அவரே. சம்பளம் கொடுக்கிறவன் ஒருத்தன், நோயாளி இன்னொருத்தன். தொழிற்சாலை மருத்துவ அதிகாரியா வேலை பார்க்கிற என் நண்பர்களுக்கு இந்த நிலைமை புதுசில்ல. என் கருத்து கடுமையானது: 1959 அக்டோபர்ல அவர் ஒரே ஒரு கடிதம் குமாமோட்டோ பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருந்தா, எத்தனையோ தொப்புள்கொடிகள் சுத்தமா இருந்திருக்கும். ஆனா அவராவது சொல்லிட்டுச் செத்தார். சொல்லாமலே போனவங்க பேரு நமக்குத் தெரியவே தெரியாது.

சேறு என்ன ஆச்சு? 1977-லிருந்து 1990 வரைக்கும் தோண்டினாங்க. 25 பிபிஎம்முக்கு மேல பாதரசம் இருந்த சேறு கிட்டத்தட்ட 15 லட்சம் கன மீட்டர். விரிகுடாவோட ஒரு பகுதியையே மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கி, அதுக்குக் கீழே புதைச்சு வச்சிருக்காங்க. மீன் வெளியே போகாம இருக்க விரிகுடா வாயில கட்டின வலையை 1997-லதான் எடுத்தாங்க. மேலே இப்போ பூங்கா. கீழே பாதரசம் அப்படியேதான் இருக்கு, அது எங்கேயும் போகாது. தனிமம் மக்காது.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம்.

பாதரசம்னா நமக்கு ஞாபகம் வரவேண்டியது கொடைக்கானல். அமெரிக்காவுல மூடின தெர்மாமீட்டர் ஆலையை 1980-களில் அங்க கொண்டு வந்து நட்டாங்க. 2001-இல் ஊருக்குள்ள பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்குல கிடக்கிறதை ஜனங்க கண்டுபிடிச்சாங்க, ஆலை மூடிச்சு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட கம்பெனி சமரசத்துக்கு வந்தது 2016-இல். பதினஞ்சு வருஷம். மண்ணைச் சுத்தம் பண்ற கதை அதுக்கப்புறமும் ஓடிச்சு.

ஆனா முகத்துவாரம், சேறு, மட்டின்னு பார்த்தா நம்ம உதாரணம் எண்ணூர்தான். கொசஸ்தலையாறு கடல்ல சேர்ற இடம். சுத்தி அனல் மின் நிலையங்கள், மணலி ரசாயன, எண்ணெய் ஆலைகள், துறைமுகங்கள். நிலக்கரியை எரிச்சா மிஞ்சற சாம்பல்ல ஆர்சனிக், ஈயம், குரோமியம், காட்மியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கொஞ்சம்தான். ஆனா சாம்பல் டன் கணக்குல இல்ல, லட்சம் டன் கணக்குல. வடசென்னை அனல் மின் நிலையத்தோட சாம்பல் குழாய்கள் வருஷக் கணக்கா ஒழுகி, சாம்பல் குழம்பு நேரா கழிமுகத்துல போய்ப் படிஞ்சுது. மீனவர் தரப்பு போட்ட வழக்குல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் மின் வாரியத்தைப் பொறுப்பாக்கி உத்தரவு போட்டுச்சு. அடுத்த வருஷம் டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கசிவு வேற, காட்டுக்குப்பத்துப் படகெல்லாம் தாரு பூசின மாதிரி ஆச்சு.

அங்க இறாலைக் கையாலயே தடவிப் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இருக்காங்க. இடுப்பளவு தண்ணியில, அந்தச் சேத்துல உட்கார்ந்து, வாயில கூடையைக் கவ்விக்கிட்டு. முன்னாடி காலால துழாவினா மட்டி கிடைச்ச இடத்துல இப்போ சாம்பல்தான் கிடைக்குதுன்னு எண்ணூர்க்காரங்க சொல்வாங்க. மட்டியில, சிப்பியில உலோகம் ஏறியிருக்கிறதைக் காட்டற ஆய்வுகள் அங்கே பல வருஷமாவே நடந்திருக்கு. சிப்பியைச் சோதிச்ச அளவுக்கு அதைச் சாப்பிட்ட மனுஷனைச் சோதிச்சோமா? அந்தக் குப்பங்கள்ல எத்தனை கர்ப்பிணிகளோட முடி சோதனைக்குப் போயிருக்கு? நான் கேட்கிறது ஒரு டாக்டரா.

நம்ம மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதுசா என்ன? ஃப்ளோரைடு உலோகம் இல்ல, மேல இருக்கிற ஆலையிலேருந்து வந்ததும் இல்ல, நம்ம பாறையிலேயே இருக்கு. ஆனாலும் மெதுவா ஏறற விஷத்தோட குணம் ஒண்ணுதான். பல்லுல பழுப்புக் கோடு, அப்புறம் வளையாத முதுகு, நாற்பது வயசுலேயே தடி ஊனற மனுஷன். அன்றைய மெட்ராஸ் மாகாணத்து நெல்லூர்ல எலும்பு ஃப்ளோரோசிஸ் நோயை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூணு பேரும் எழுதினது 1937-இல். அதே வருஷம்தான் இங்கிலாந்துல அந்த விதை மருந்துத் தொழிலாளர்கள் நோய்ல விழுந்ததும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் 2008, திறப்பு 2013. நோயோட காரணம் புத்தகத்துல வந்து 76 வருஷம் கழிச்சு நம்ம குழாய்ல காவிரி வந்துச்சு. அதுக்குக் கடன் கொடுத்தது ஜப்பானோட ஜைக்கா நிறுவனம். மினமாட்டாவைப் பார்த்த நாடு.

அந்த 76 வருஷத்துலயும் ஜனங்க போர்த் தண்ணியைக் குடிச்சுட்டேதான் இருந்தாங்க. முதுகு வளையாதவங்களை நம்ம ஊர்ல 'வாதம்'னு சொல்லி எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க.

இனி நடைமுறைக்கு வர்றேன், இன்பாக்ஸ்ல எல்லாரும் கேட்கப் போறது இதைத்தானே.

மீன் சாப்பிடலாமா? தாராளமா. ஒகேனக்கல் மீன் வறுவலை விட்டுடுங்கன்னு நான் சொல்லல, சொன்னாலும் நீங்க கேட்கப் போறதில்ல. மத்தி, அயிலை, நெத்திலி மாதிரி சின்ன மீன்கள்ல பாதரசம் குறைவு, ஒமேகா 3 நிறைய. சுறா, பெரிய சூரை, மயில் மீன் மாதிரி மத்த மீன்களைத் தின்னு வளர்ற பெரிய மீன்கள்ல அது ஏறிக்கிட்டே போகும். பிள்ளைத்தாச்சிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவங்களும் சின்னக் குழந்தைகளும் பெரிய மீன்களைத் தவிர்க்கிறது நல்லது. பிரசவமானதும் பால் ஊறச் சுறாப்புட்டு செஞ்சு தர்ற வீடுகள் நம்மகிட்ட நிறைய. மாமியார் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, அதுக்குப் பதிலா நெத்திலிக் குழம்பு வைக்கச் சொல்லுங்க.

மட்டி, சிப்பி, நண்டு வாங்கினா எந்த ஊர்லேருந்து வருதுன்னு கேளுங்க. தருமபுரி மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில வர்றதை விக்கிறவருக்கே பல நேரம் தெரியாது, ஆனாலும் கேளுங்க. தொழிற்சாலைக் கழிமுகத்துலேருந்து வந்ததுன்னா வேண்டாம். காட்மியம் சிறுநீரகத்துல போய் உட்கார்ந்தா அதுல பாதி வெளியே போகவே பத்து, இருபது வருஷம் ஆகும். மெத்தில் பாதரசம் பரவாயில்ல, சாப்பிடறதை நிறுத்தினா சுமார் 50 நாள், சிலருக்கு 70 நாள்ல பாதி குறையும். கர்ப்பத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்றது அதுக்காகத்தான்.

கடைசியா, தென்பெண்ணை. கெலவரப்பள்ளியில நுரை வந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணி மாதிரி எடுக்குது. நல்லது. நம்ம மாவட்ட எல்லைக்குள்ள ஆத்து வண்டலையும் எடுக்கணும், கன உலோகத்துக்குச் சோதிக்கணும், ரிசல்ட்டைக் கரையோர ஊராட்சி ஆபீஸ் பலகையில ஒட்டணும். தண்ணி இன்னிக்கு ஓடினதைத்தான் சொல்லும், வண்டல் பத்து வருஷக் கணக்கையும் வச்சிருக்கும். இதைக் கேட்டு ஒரு தகவல் உரிமை மனு எழுதி வச்சிருக்கேன். இருமத்தூர், அனுமன்தீர்த்தம், அரூர் பக்கத்துக்காரங்க யாராவது உங்க ஊர்லேருந்தும் அதே மனுவை அனுப்பறதா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, மாதிரி வடிவத்தை அனுப்பி வைக்கிறேன். பத்து ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும்.